படகை எழுதிக் கொடு, கேஸை வாபஸ் வாங்கிக்கிறேன்

என் மாமா மேல் போட்டிருந்த மோசடி கேஸில் அவரை விடுதலை செய்து தீர்ப்பு வந்தது 2018 பிப்ரவரி 22, வியாழக்கிழமை. அன்று சாயங்காலம் சென்னை காசிமேட்டில் எங்கள் தெருவே வீட்டுக்கு வந்துவிட்டது. அத்தை கேசரி கிண்டினாள், மாமா படகுக்கு மாலை போட்டார், வந்தவர்கள் எல்லாம் பீடை ஒழிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த நிமிஷத்திலிருந்தே, திருப்பி நஷ்ட ஈடு கேட்க எங்களுக்கு ஒரு வருஷக் கெடு ஓட ஆரம்பித்துவிட்டது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. கேஸ் நடத்திய வக்கீல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பொய் கேஸ் போட்டவன் மேல் திருப்பிக் கேஸ் போட முடியுமா, நஷ்ட ஈடு கிடைக்குமா என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, பாரிமுனையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஆள் நான்தான் என்பதால் மாமாவின் கேஸ் கட்டை நான் தூக்கினேன், இத்தனை வருஷமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013-ல் மாமா தன் ஃபைபர் படகுக்கு இஞ்சின் மாற்றுவதற்காகப் பக்கத்துப் பேட்டையில் வட்டிக்கு விடுகிற ஒருவரிடம் 1,20,000 ரூபாய் வாங்கினார். கடலுக்குப் போன நாளெல்லாம் ஏலம் முடிந்ததும் ஒரு தொகை கொடுத்துவிட வேண்டும், கொடுத்ததை ஒரு சின்ன பாக்கெட் நோட்டில் எழுதி அந்த ஆளே பக்கத்தில் சுருக்கொப்பம் (இனிஷியல்) போட்டுக் கொடுப்பார். கையெழுத்து போட்ட வெற்றுப் பத்திரம் ஒன்றும் அவர் கையில் இருந்தது. வாங்குகிற அவசரத்தில் எல்லோரும் செய்கிற காரியம்தானே அது. 2015-ல் அசலும் வட்டியும் தீர்ந்துவிட்டது என்று மாமா பத்திரத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது, இன்னும் பாக்கி இருக்கிறது, படகை என் பேருக்கு எழுதிக் கொடு என்றார். மாமா மறுத்தார். அந்த ஆள் முதலில் ஸ்டேஷனுக்குப் போனார், அவர்கள் இது கொடுக்கல் வாங்கல் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் நேராக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப் புகார் போட்டார். படகை விற்பதாகச் சொல்லி மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார் என்பது புகார். வெற்றுப் பத்திரம் விற்பனை ஒப்பந்தமாக மாறி அதோடு இணைக்கப்பட்டிருந்தது. பிரிவு 420, ஏழு வருஷம் வரை தண்டனை.

அந்த இரண்டரை வருஷத்தில் 31 வாய்தா. நான் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். வாய்தா என்றால் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். காலை பத்தரைக்குப் போய் நிற்க வேண்டும், டவாலி மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவார், உள்ளே போய்க் கை கட்டி நிற்பதற்குள் அடுத்த தேதி சொல்லிவிடுவார்கள், அதற்குள் அன்றைய கடல் போயிருக்கும். முந்தின ராத்திரியும் கடலுக்குப் போக முடியாது, காற்று மாறிக் கரை திரும்பத் தாமதமானால் கேஸ் கெட்டுவிடுமே. ஆக ஒரு வாய்தாவுக்கு இரண்டு நாள் வருமானம் போகும். அவர் மட்டும் இல்லை, படகில் அவரோடு போகிற மூன்று பேருடைய பங்கும் போகும்.

ஒரு தடவை அதுவும் நடந்தது. 2016-ல் ஒரு வாய்தா அன்று இஞ்சின் நின்று, வேறு படகு கட்டி இழுத்து வந்து கரை சேர மத்தியானம் ஆகிவிட்டது. வாரண்ட் போட்டுவிட்டார்கள். நான்கு நாள் கழித்து விடியற்காலை, மீன்பிடி துறைமுகத்தில் கானாங்கெளுத்திக் கூடையை ஏலத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஏலம் கூறுகிறவர் பாதியில் நிறுத்திவிட்டார். மாமா கையில் செதில் ஒட்டியிருந்தது, கழுவிக்கொள்ள ஒரு வாளித் தண்ணீர் கேட்டார், யாரும் அசையவில்லை, அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருஷம் அதே இடத்தில் மீன் இறக்கியவர். வாரண்டை ரத்து செய்து அன்று மாலையே வெளியே வந்துவிட்டார், ஆனால் அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஏலக் கூடத்துக்கு அவர் போகவில்லை, கூட வந்த பையனிடம் கொடுத்தனுப்பிவிட்டு படகிலேயே உட்கார்ந்துகொள்வார்.

இத்தனைக்கும் நடுவில் அந்த ஆளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் வந்தது. "ண்ணா, படகை எழுதிக் குடு, அடுத்த வாய்தாவுலயே கேஸ வாபஸ் வாங்கிக்கிறேன். இல்லன்னா கோர்ட்டுக்கும் கடலுக்கும் அலைஞ்சே பூடுவ." பதினொரு நொடி. அதைக் கேட்டு அத்தை அழுதாள், நான் ஆத்திரத்தில் அழிக்கப் போனேன், மாமாதான் இருக்கட்டும் பாப்பா என்றார். அன்றைக்கு அது எதற்கு உதவும் என்று எங்களுக்குத் தெரியாது.

விடுதலைக்குக் காரணம் அந்த பாக்கெட் நோட்டு. உப்புத் தண்ணீர் பட்டு ஓரமெல்லாம் மை பரவியிருந்தாலும் சுருக்கொப்பம் தெளிவாக இருந்தது. குறுக்கு விசாரணையில் அந்த ஆள் அது தன் கையெழுத்துதான் என்று ஒத்துக்கொண்டார். மூன்று லட்சத்துக்குப் படகு விலை பேசியவர் அதே மாதத்தில் தினமும் முந்நூறு, நானூறு என்று எதற்காக வசூல் செய்து எழுதினார் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

சரி, இப்போது கெடு விஷயத்துக்கு வருகிறேன். 2019 ஜனவரிக் கடைசியில் எங்கள் ஆபீஸ் வேலையாகத் தம்புசெட்டித் தெருவில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சோடு பேச்சாக மாமா கதையைச் சொன்னேன். அவர் அனுதாபம் எதுவும் சொல்லவில்லை, முதலில் கேட்டது, "தீர்ப்பு தேதி என்ன?" சொன்னேன். காலண்டரைப் பார்த்துவிட்டு, இன்னும் மூணு வாரம்தான் இருக்கு, நாளைக்கே கட்டை எடுத்துக்கிட்டு வாங்க என்றார்.

1963 காலவரையறைச் சட்டத்தின் 74ஆவது இனம் இது. தீய எண்ணத்தோடு குற்ற வழக்குப் போட்டவர் மேல் நஷ்ட ஈடு கேட்கிற வழக்கை, விடுதலையான நாளிலிருந்து, அல்லது வேறு விதமாக அந்த வழக்கு முடிந்த நாளிலிருந்து, ஒரே வருஷத்துக்குள் போட வேண்டும். கைமாற்றாகக் கொடுத்த பணத்தைக் கேட்க மூன்று வருஷம் தருகிற சட்டம், மானம் போனவனுக்கு ஒரு வருஷம்தான் தருகிறது. தீர்ப்பு நகல் வர நாலு மாதம் ஆச்சே, அதைக் கழித்துக்கொள்வார்களே என்று நான் கேட்டேன். அந்தக் கழிவு அப்பீலுக்குத்தான், புதிதாகப் போடுகிற வழக்குக்குக் கிடையாது என்றார். நகலுக்காகக் காத்திருந்தே ஆறு மாதத்தைக் கோட்டை விட்டவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். எங்கள் வழக்கு 2019 பிப்ரவரி 11ஆம் தேதி சிட்டி சிவில் கோர்ட்டில் தாக்கலானது, கெடுவுக்குப் பதினொரு நாள் மிச்சம்.

கட்டு தயார் செய்துகொண்டிருந்த அந்த இரண்டு வாரத்தில் ஒரு நாள் அந்த அம்மா எனக்கு ஒரு பழைய கேஸ் சொன்னார். இங்கிலாந்தில் 1838-ல் தீர்ப்பான கிரெய்ஞ்சர் எதிர் ஹில். கிரெய்ஞ்சர் ஒரு சின்னக் கப்பலின் சொந்தக்காரர். கப்பலை அடமானம் வைத்து 80 பவுண்ட் கடன் வாங்குகிறார். திருப்பித் தர ஒரு வருஷம் தவணை, கப்பலின் பதிவுப் பத்திரம் அவரிடமே இருக்கும், அது இருந்தால்தானே கப்பலைக் கிளப்ப முடியும். ஆனால் கடன் கொடுத்தவர்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. தவணை முடிய மாதக்கணக்கில் இருக்கும்போதே, கடனைத் தரவில்லை என்று சத்தியம் செய்து கைது உத்தரவு வாங்கிவிடுகிறார்கள். கிரெய்ஞ்சர் உடம்பு சரியில்லாமல் படுக்கையில் கிடக்கிறார். ஷெரீப்பின் ஆட்கள் வந்து, ஒன்று பத்திரத்தைக் கொடு, இல்லை உன்னைக் கொண்டுபோவோம் என்கிறார்கள். பயந்து கொடுத்துவிடுகிறார். பத்திரம் இல்லாமல் நான்கு பயணம் போகிறது. அப்புறம் அவர் வழக்குப் போடுகிறார், ஜெயிக்கிறார். கடனை வசூலிக்கக் கோர்ட் கொடுத்த உத்தரவை, கடனுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொருளைப் பிடுங்கும் கருவியாக ஆக்கியதே தப்பு, அதற்கு மேல் அந்த மூல வழக்கு எப்படி முடிந்தது என்றுகூடக் காட்ட வேண்டியதில்லை என்றது கோர்ட்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 180 வருஷத்துக்கு முந்தின ஏதோ ஒரு கப்பல்காரரும் காசிமேட்டு மாமாவும் ஒரே கதையில் இருக்கிறார்கள். படகு, கடன், கைது, பத்திரம். அந்தப் பதினொரு நொடி வாய்ஸ்தான் எங்கள் கேஸின் முதுகெலும்பு என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

சட்டம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. கேஸே பொய்யாக, காரணமே இல்லாமல், கெட்ட எண்ணத்தோடு போடப்பட்டிருந்தால் அது ஒரு வகை. கேஸ் ஒருவேளை சரியாகவே இருந்தாலும் கோர்ட் நடவடிக்கையைச் சட்டம் நினைக்காத வேறு ஏதோ ஒன்றைச் சாதிக்கப் பயன்படுத்தினால் அது இன்னொரு வகை. நம் உச்ச நீதிமன்றமும் 2006-ல் மேற்கு வங்க மின்வாரியம் எதிர் திலீப் குமார் ராய் வழக்கில் இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லியிருக்கிறது. எங்கள் வக்கீல் அம்மா முதல் வகையை மெயினாக வைத்து இரண்டாவதையும் சேர்த்தே வரைந்தார்.

முதல் வகையில் நிரூபிக்க வேண்டியவை என்ன? எதிராளிதான் கேஸை நடத்தினான், அது நமக்குச் சாதகமாக முடிந்தது, நியாயமான காரணம் எதுவும் இல்லாமல் போட்டான், கெட்ட நோக்கத்தோடு போட்டான், நமக்கு நஷ்டம் ஆனது. இதெல்லாம் எல்லா வக்கீலும் சொல்வார்கள். ஆனால் இதில் ஆளைக் கவிழ்க்கிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கேதான் நாங்களும் தடுமாறினோம். விடுதலைத் தீர்ப்பைக் கொண்டுபோய் நீட்டினால் போதும் என்று நினைத்தோம். போதாது. அந்தத் தீர்ப்பு, கேஸ் நமக்குச் சாதகமாக முடிந்தது என்ற ஒன்றைத்தான் காட்டும். காரணமில்லாமல் போட்டான் என்பதை சிவில் கோர்ட் புதிதாக, தானே சாட்சி கேட்டு முடிவு செய்யும், மாஜிஸ்திரேட் எழுதியது அதைக் கட்டுப்படுத்தாது. அதுவும் சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை என்று ஒரு வரி இருந்துவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். ஆக மாமா இரண்டாவது தடவை கூண்டில் ஏறி, நான் யாரையும் ஏமாற்றவில்லை என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது, இந்தத் தடவை நிரூபிக்கிற பாரம் அவர் தலையில்.

எதிராளி சொல்லப்போவதும் தெரிந்ததுதான். அவர் ஏமாத்திட்டார்னு நான் மனசார நம்பினேன், அதனாலதான் போட்டேன் என்பார். நம்பிக்கை நேர்மையானதாக இருந்து, அப்படி நம்ப ஒரு சாதாரண மனிதனுக்குக் காரணமும் இருந்தால், கேஸ் தோற்றுப்போனாலும் அவரிடம் நஷ்ட ஈடு வாங்க முடியாது. இது நியாயமும்கூட. இல்லையென்றால் நிஜமாகவே ஏமாந்தவன்கூடப் புகார் கொடுக்கப் பயப்படுவான். அதனால்தான் நோட்டும் வாய்ஸும் முக்கியம். தானே கைப்படச் சுருக்கொப்பம் போட்டு வசூல் செய்தவர் அதை விற்பனைப் பணம் என்று நம்பியிருக்க முடியாது. வாய்ஸைத் தாக்கல் செய்ய அந்தப் பதிவு எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று எழுதிக் கொடுக்கிற, சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் வேண்டும், இப்போது புதிய சட்டத்தில் அது 63ஆவது பிரிவு. நல்லவேளை, மாமாவின் அந்தப் பழைய போன் இருந்தது. ஸ்கிரீன் உடைந்துபோனது, ஆனால் அத்தை அதைத் தூக்கிப் போடாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். போனை மாற்றுகிறவர்கள் தயவுசெய்து பழையதை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒரு விதத்தில் வசதி, அது தனிப் புகார். கேஸை நடத்தியது யார் என்ற கேள்வியே எழவில்லை. போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டு, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த கேஸாக இருந்தால் எதிராளி, நான் தகவல் மட்டும்தான் கொடுத்தேன், நடத்தியது அரசாங்கம் என்று நழுவுவார். அது எப்போதும் செல்லாது. 1908-லேயே பிரிவி கவுன்சில், அதாவது வெள்ளைக்காரர் காலத்தில் லண்டனில் இருந்த நம் கடைசி அப்பீல் கோர்ட், கயா பிரசாத் எதிர் பகத் சிங் வழக்கில், புகார் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அந்த ஆள் எப்படி நடந்துகொண்டான் என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. பொய் என்று தெரிந்தே சொல்லி, சாட்சியையும் தயார் செய்து கொடுத்திருந்தால் அவன்தான் வழக்கு நடத்தியவன்.

நாங்கள் கேட்டது 4 லட்சம். வக்கீல் ஃபீஸ், 31 வாய்தாவுக்குப் போன வருமானம், மனவேதனை, அந்த விடியற்காலை. கடைசியில் சொன்னதற்கு என்ன விலை போடுவது என்று தெரியாமல் மாமாவே ஒரு தொகை சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். வருமான இழப்பைக் காட்டுவது கஷ்டமாக இருந்தது, மீன் ஏலத்துக்கு யாரும் பில் கொடுப்பதில்லை. ஏலக்காரர் ஒருவர் வந்து சாட்சி சொன்னார், அந்த மனிதருக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது. கோர்ட் கட்டணம் கேட்கிற தொகையில் 3 சதவீதம், ஆக 12,000. 2017-க்கு முன்னால் அது ஏழரை சதவீதம், அப்படியே இருந்திருந்தால் 30,000 கட்ட வேண்டியிருக்கும், நாங்கள் போட்டிருக்கவே மாட்டோம். கட்ட முடியாதவர்கள் வசதியற்றவராக வழக்குப் போட அனுமதி கேட்டு மனு கொடுக்கலாம். ஹைகோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர 1987 சட்டம் சொல்கிறது. இது எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்குத் தெரியவே தெரியாது.

இன்னொரு வாய்ப்பை நாங்கள் அறியாமல் விட்டோம். விடுதலை செய்கிற அன்றே, இந்தக் குற்றச்சாட்டுக்கு நியாயமான காரணமே இல்லை என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினால், புகார் கொடுத்தவரை அங்கேயே காரணம் கேட்டு, நஷ்ட ஈடு கொடுக்க வைக்கலாம். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் பிரிவு 250, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 273. தொகை பெரிதாக இருக்காது, ஆனால் தனி வழக்குப் போடாமலே கிடைக்கும், அப்புறம் சிவில் வழக்குப் போடுவதற்கும் அது தடை இல்லை, கொடுத்ததை மட்டும் கழித்துக்கொள்வார்கள். தீர்ப்புக்கு நாள் குறித்திருக்கும்போதே உங்கள் வக்கீலிடம் இதைக் கேளுங்கள். தீர்ப்பு வாசித்து முடித்தபிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை. பொய்க் குற்றச்சாட்டு சுமத்தியதே தனிக் குற்றம் என்று சட்டத்தில் இருந்தாலும், கோர்ட்டில் நடந்ததற்குக் கோர்ட்தான் புகார் கொடுக்க வேண்டும், நாம் நேராகப் போட முடியாது. அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை, மாமாவுக்கு அந்த ஆள் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் இல்லை.

என்னிடம் கேட்ட மூன்று பேரில் ஒருத்தி பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிற என் சிநேகிதி. அவள் கதை வேறு. அவள் மேல் இருப்பது சிவில் வழக்கு. பாட்டி காலத்து வீட்டில் தனக்கும் பங்கு இருப்பதாக ஒரு தூரத்து உறவு போலிப் பத்திரத்தோடு வழக்குப் போட்டு, ஒன்பது வருஷமாக வீட்டை விற்கவும் முடியாமல் இடித்துக் கட்டவும் முடியாமல் வைத்திருக்கிறார். அவளுக்கு நான் சொன்ன பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. பொய்யான சிவில் வழக்குப் போட்டான் என்பதற்காக மட்டும் தனியாக நஷ்ட ஈட்டு வழக்குப் போடுவது நம் நாட்டில் பொதுவாக எடுபடாது. கைது, ஜப்தி, திவால் நடவடிக்கை மாதிரி ஆளையோ சொத்தையோ நேரடியாகத் தொட்டிருந்தால்தான் வழி. மற்றபடி தோற்றவன் செலவுத்தொகை கட்டுவான், கதை முடிந்தது.

அந்தச் செலவுத்தொகை எவ்வளவு தெரியுமா? பொய் வழக்கு, தொல்லை வழக்கு என்று கோர்ட்டே தீர்மானித்தால் சிவில் நடைமுறைச் சட்டம் 35ஏ பிரிவின் கீழ் கூடுதலாக விதிக்கக்கூடியது அதிகபட்சம் 3,000 ரூபாய். 1976-ல் திருத்திய தொகை, இன்னும் அதேதான். ஒன்பது வருஷத்துக்கு மூவாயிரம், அவள் அந்த வழக்குக்காகப் பாரிமுனைக்குப் போய்வந்த ஆட்டோ காசுகூட ஆகாது. இதை ஒரு லட்சமாகவாவது உயர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2011-ல் எழுதியது. பெரிய வணிக வழக்குகளுக்கு மட்டும் 2015-ல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கும் வாசலுக்கும் அல்லாடுகிறவர்களுக்கு மூவாயிரம்தான். பொய்யாகத் தடையாணையோ ஜப்தியோ வாங்கியிருந்தால் 95ஆவது பிரிவில் 50,000 வரை கேட்கலாம், ஆனால் அதில் உத்தரவு வாங்கிவிட்டால் அதே விஷயத்துக்குத் தனி வழக்குப் போட முடியாது, யோசித்துத்தான் போக வேண்டும். இங்கிலாந்தில் 2016-ல், வில்லர்ஸ் எதிர் ஜாய்ஸ் வழக்கில், பொய் சிவில் வழக்குக்கும் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்கள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கேயும் அது வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கோர்ட் படியை ஏற விடாமல் யாரையும் தடுக்கக் கூடாது, சரி, ஆனால் தெரிந்தே பொய்ப் பத்திரத்தோடு ஏறியவனுக்கு இறங்கும்போது வலிக்கத்தான் வேண்டும்.

சிநேகிதிக்கு வேறு வழி இருக்கிறது. வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்யக் கேட்கும் மனு. 1977-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், அரிவந்தண்டம் வழக்கில், வழக்குரையை, அதாவது வழக்குப் போட்டவர் எழுதிக் கொடுத்ததை, அர்த்தத்தோடு படித்துப் பார்த்து, சாமர்த்தியமான எழுத்தால் மட்டும் உண்டாக்கப்பட்ட வழக்கு என்றால் முளையிலேயே கிள்ளச் சொன்னார். 1993-ல் செங்கல்வராய நாயுடு வழக்கில், நம் தமிழ்நாட்டிலிருந்து போனது, கோர்ட்டை ஏமாற்றி வாங்கிய தீர்ப்பு எந்தக் கட்டத்திலும் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். இந்த இரண்டையும் எழுதிக் கொடுத்து அவள் வக்கீலிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். வழக்கு மேல் வழக்குப் போடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களைக் கோர்ட் அனுமதி இல்லாமல் போடக்கூடாது என்று தடுக்க 1949-லேயே சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது, ஆனால் அதற்கு அட்வகேட் ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமை வக்கீல், மனு போட வேண்டும், ஒற்றை வழக்குக்கு அது பொருந்தாது.

எங்கள் வழக்கு இன்னும் நடக்கிறது. கொரோனாவில் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் போனது, ஜட்ஜ் இரண்டு தடவை மாறினார், எங்கள் தரப்பு சாட்சி முடிந்து இப்போது எதிர்த்தரப்பு. ஒவ்வொரு வாய்தாவிலும் அவர்கள் வக்கீல் அவகாசம் கேட்கிறார். ஏன் இப்படி இழுக்கிறார்கள் என்று வக்கீல் அம்மாவிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சொன்னார். இந்த மாதிரி வழக்கு ஆளோடு ஒட்டியது. 1925 வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 306. தீர்ப்புக்கு முன்னால் வழக்குப் போட்டவர் இறந்துவிட்டால் வழக்கும் அவரோடு முடிந்துவிடும், பிள்ளைகள் எடுத்து நடத்த முடியாது. சொத்து வழக்கு மாதிரி இல்லை இது.

மாமாவுக்கு 2022-ல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று நான் மறைத்து வைத்திருந்தேன், ஆனால் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கே எல்லாம் தெரிந்துவிட்டது. போன வாய்தா முடிந்து ஹைகோர்ட் எதிரே டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார், "நான் இருக்கசொல்லோ வரணும் பாப்பா, அது தெரியும் எனக்கு. அதான் மாத்திரைய ஒரு நாளுகூட விடறதில்ல." நான் எதுவும் பேசவில்லை, பணம் கொடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாய்தா செவ்வாய்க்கிழமை. திங்கள் ராத்திரி கடலுக்குப் போக மாட்டார், கூட வருகிறவர்களுக்குச் சொல்லிவிட்டார். அந்த ஆளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய நாள் அது, வந்தால். வக்கீல் அம்மா 14 கேள்வி எழுதி வைத்திருக்கிறார், அதில் ஒன்பது அந்த பாக்கெட் நோட்டைப் பற்றி. கிரிமினல் கோர்ட்டிலிருந்து மனுப் போட்டுத் திரும்ப வாங்கி, இப்போது சிவில் கோர்ட் கட்டில் சான்றாவணம் 3 என்று நம்பர் போட்டு உட்கார்ந்திருக்கிறது. தீர்ப்புக்கு அப்புறம் அந்த நோட்டைத் திருப்பித் தருவார்களா என்று மாமா என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அப்பீல் கெடு முடிந்ததும் மனுப் போட்டால் தருவார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.